சமத்துவம் பற்றி எழுதுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரசாவுரிமை பற்றிப் பேசும்போது பலரும் பிரித்தானிய சமூகவியலாளர் டி. எச். மார்ஷல் வகுத்த வரிசையை எடுத்துக்காட்டுகிறார்கள்: 18ஆம் நூற்றாண்டில் குடியியல் உரிமை, 19இல் அரசியல் உரிமை, 20இல் சமூக உரிமை. அது இங்கிலாந்தின் வரிசை. அதை அப்படியே இலங்கைக்குப் பொருத்தி மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது பிழை. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்துக்கு வாக்குரிமை, கட்டுப்பாடுகளோடு என்றாலும், 1931இலேயே வந்தது, வாக்கு பிரசைகளுக்கு மட்டுமே என்றாக்கிய 1949இல் பறிபோனது. 1947இல் பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிய அவர்களது கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு 1952இல் ஓர் ஆசனமும் இல்லை.

பறித்த விதத்தைத்தான் நுணுக்கமாகப் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அப்போது இங்கே பிறந்திருந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயை அது கணக்கிலேயே எடுக்கவில்லை; அந்தக் குறை 2003 வரை நீடித்தது. நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கிராமத்தில் இருந்தவரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள், அவரிடம் அது இருக்கவில்லை.

ஒரு சமூகத்துக்கு மட்டும் இடையூறு செய்யும் சட்டம் செல்லாது என்று அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) சொல்லியது. அதை நம்பி வழக்குப் போனது. நிபந்தனை எந்தச் சமூகத்தையும் சமூகமாகக் குறிவைக்கவில்லை என்ற நியாயத்தோடு 1953இல் இலண்டனில் இருந்த இறுதி மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகமும் கையை விரித்தது. முறைசார் சமத்துவம் வேறு, மெய்யான சமத்துவம் வேறு என்று கோட்பாட்டாளர் பிரிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டு, மற்றவர் 10 ஆண்டு, 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க 2 ஆண்டு அவகாசம். இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. அந்த அவகாசம் முடிந்த 1951இல்தான், உரிமைகளைப் பெறுவதற்கே முதலில் ஓர் உரிமை வேண்டும் என்று அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் ஐரோப்பிய அகதிகளை முன்வைத்து விரித்து எழுதினார். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இவர்களில் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிகுதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். இப்படித் தொகை பிரிக்குமுன் சம்பந்தப்பட்டவர்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

இன்றைய 1978 அரசியலமைப்பையும் இதே கண்ணோடு வாசிக்க வேண்டும். உறுப்புரை 12(1) சட்டத்தின் முன் சமத்துவத்தை ‘ஆட்கள்’ எல்லோருக்கும் தருகிறது. பேச்சு, ஒன்றுகூடல், தொழில், நடமாட்டம் ஆகியவற்றைச் சொல்லும் 14(1)இல் சொல் ‘பிரசை’ என்று மாறிவிடுகிறது. 16(1) இன்னும் மோசம்: 1978க்கு முந்திய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. சமத்துவம் பற்றி எழுதுவோர் இந்த உறுப்புரையைத் தொடாமலே போவது எனக்கு விளங்கவில்லை.

வாசகருக்கு உடனடியாகப் பயன்படும் விடயம் ஒன்று. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய அடிப்படை உரிமை மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதமே உண்டு. அதுவும் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டும். தனியார் முதலாளிக்கு எதிராக அந்த வழி இல்லை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. திகதி தவறிப்போய் வழக்கை இழப்பவர்களுக்காகவேனும், 12, 14, 16, 126 ஆகிய நான்கு உறுப்புரைகளின் தமிழ் வாசகத்தைத் தங்கள் பத்திரிகை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

அரசியல் விஞ்ஞான ஆசிரியர்,
கொழும்பு - 06