ஆண் மார்பில் கட்டி: கத்திக்கு முன் ஊசி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது வயது தாண்டியவர்களுக்கு நீங்கள் நிரப்பும் தொற்றாநோய்ப் படிவத்தில் மார்பகக் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு பற்றிய கேள்விகள் ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற பகுதியில் உள்ளன. மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய 100க்கு ஒருவர் ஆண். அதற்காக ஊரிலுள்ள ஆண்களுக்கெல்லாம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லவில்லை. அது வீண் வேலை. அறுபதை ஒட்டிய பெரியவருக்குச் சர்க்கரை, பிரஷர் பார்க்கும்போதே, “ஐயா, காம்புக்கிட்ட கட்டி ஏதும் தட்டுப்படுதா?” என்று கேளுங்கள். தோள் துண்டை விலக்கித் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

புற்றுநோய்க் கட்டி காம்புக்கு அடியில், சற்றே ஒரு பக்கம் ஒதுங்கி, கெட்டியாக, பெரும்பாலும் வலியில்லாமல் இருக்கும். வலிக்காததால்தான் நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று பற்றுப் போட்டே மாதங்கள் ஓடுகின்றன. ஆண் மார்பில் சதை குறைவு. கட்டி சீக்கிரமே தோலைப் பிடித்துவிடும். காம்பு உள்ளே இழுத்திருந்தாலோ, புண்ணானாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ அன்றே அனுப்புங்கள். சாதாரண மார்பு வீக்கம் காம்பைச் சுற்றி வட்டமாக, ரப்பர் போல இருக்கும், தொட்டால் வலிக்கும். நீர் பிரியக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையாலும் வரும், கல்லீரல் கெட்டாலும் வரும். ஆனால் கல்லீரல் சுருக்க நோய் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டும். ஆகவே, குடிக்கிறவர்தானே என்று தள்ளிவிடாதீர்கள்.

அதிகம் வருத்துவது வேறொன்று. கொழுப்புக் கட்டி என்று முடிவுகட்டி, மரப்பு ஊசி போட்டுக் கீறி எடுத்து, சதையைக் குப்பையில் போட்டுவிடுவது. கத்தி வைக்காதீர்கள். மேமோகிராம் அல்லது ஸ்கேன், பிறகு தடித்த ஊசியால் பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). அதற்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? ஒரு மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் திரவத்தில், சதையைப் போலப் பத்து மடங்கு அளவில், மூழ்க விடுங்கள். ஸ்பிரிட், சலைன் இரண்டும் ஆகாது. எடுத்த நேரத்தைப் பாட்டிலில் எழுதுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறினால்தான், கட்டி ஹார்மோனைப் பிடித்து வளர்கிறதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனையை நம்ப முடியும்.

அந்தப் பரிசோதனையை நம்பித்தான் மருந்தே இருக்கிறது. இந்த நோய் வந்த ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டியில் ஹார்மோன் ஏற்பி உண்டு. அவர்களுக்கு அறுவைக்குப் பின் வழக்கமாக ஹார்மோனைத் தடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரை 20 மி.கி., தினமும், குறைந்தது 5 ஆண்டு. உடம்பு தகிக்கிறது, தாம்பத்திய ஆசை குறைகிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. வெட்கத்தில் காரணம் சொல்ல மாட்டார்கள். பிரஷர் மாத்திரையை எண்ணுவதுபோல இதையும் எண்ணுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு.

குடும்பத்தில் வழிவழியாக வரும் பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக் கோளாறு இருக்கக்கூடும் என்பதால், நோய் உறுதியான ஆணின் குடும்பத்தையும் மரபணு ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். அவர் பெயரைப் பதியும்போதே மகன், மகள், அக்கா, தங்கை, அண்ணன், தம்பி எல்லோர் பெயரையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.