உடற்கல்வி வேளையில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டில் பெண்களின் சமத்துவம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடங்கள் சரிபாதியாக ஒதுக்கப்பட்டதை அது பெருமையுடன் எடுத்துக்காட்டியிருந்தது. 1900இல் அதே நகரில் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவர்களின் எண்ணிக்கை வெறும் 22 என்பதை நினைத்தால், அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், கட்டுரையாளரின் கண்ணில் படாமல் போன ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். உடற்கல்வி வேளையில் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மைதானத்தின் ஓரம்தான் அது.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்காக ஐ.நா. சபை 1979இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 10ஆவது பிரிவு, விளையாட்டிலும் உடற்கல்வியிலும் முனைப்புடன் பங்கேற்க ஆணுக்குள்ள அதே வாய்ப்பு பெண்ணுக்கும் வேண்டும் என்கிறது. 'முனைப்புடன்' என்ற சொல்லை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்துவிட்டால் மாணவி உடற்கல்வி பெற்றுவிட்டதாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் திரட்டிய 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்கும், ஆண்பிள்ளைகளில் 78 விழுக்காட்டினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை. 2001க்குப் பிறகான அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஆண்பிள்ளைகளிடம் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. பெண்பிள்ளைகளிடம் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை.

பத்து வயது வரை பையன்களை முந்தி ஓடிய சிறுமி, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் திடீரென்று "உடம்பு சரியில்லை, மிஸ்" என்று வந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "சரி, போய் உட்கார்" என்று அனுப்பிவிடுவேன். அதைப் பரிவு என்றே நினைத்தேன். கழிவறை மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம், உடைமாற்ற ஓர் அறையாவது உண்டா, வெளிர்நிறச் சீருடையில் மாதவிடாய்க் கறை படிந்துவிடுமோ என்ற அச்சத்துடன் ஒரு பெண்ணால் உயரம் தாண்ட முடியுமா என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு மாணவி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த அச்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. முழு வெள்ளை உடையை வலியுறுத்தும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில், வீராங்கனைகள் அடர்நிற உள்கால்சட்டை அணிந்துகொள்ள 2023இல்தான் அனுமதி கிடைத்தது. ஓட்டத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் பிரா' அமெரிக்காவில் உருவானதே 1977இல்தான். பெண்ணின் உடலை மனத்தில் வைத்து யோசிக்கவே விளையாட்டுலகம் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

உடல் சார்ந்த தடைகளுக்கு அப்பால், மைதானத்தைப் பங்கிடுவதிலேயே ஒரு பாகுபாடு இருக்கிறது. பையன்கள் பந்துடன் இறங்கிவிட்டால் மைதானம் முழுவதும் அவர்களுடையதாகிவிடும். பெண்பிள்ளைகளுக்கு மதிலோரமும் தாண்டுகயிறும் மிஞ்சும். இதை யாரும் உத்தரவு போட்டுச் செய்வதில்லை, அதனாலேயே யாரும் பொறுப்பேற்பதுமில்லை. பிறகு, "அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

பெண்ணுக்கு முடியாது என்ற தீர்ப்பைப் பரப்பியதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு என்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். வென்ற ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையும் படைத்தார். ஆனால் பெண்கள் பாதியிலேயே சுருண்டு விழுந்தார்கள் என்று சில நாளிதழ்கள் எழுதின. அந்தப் பரபரப்பின் பின்னணியில் நீக்கப்பட்ட ஓட்டம் 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் திரும்பியது. ஓடி முடித்தபின் களைத்துப் படுத்துவிடும் ஆணை வீரன் என்று எழுதிய அதே பேனாக்கள்தாம் இவை!

எனவே, பள்ளி நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியவை சிலவே. மைதானத்தைப் பயன்படுத்தும் நேரத்தை அட்டவணையிட்டுப் பகிர வேண்டும். விளையாட்டு உடையின் நிறத்தையும் அளவையும் மாணவிகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கழிவறை மைதானத்துக்கு அருகில் தண்ணீர் வசதியுடன் இருக்க வேண்டும். பெண் பயிற்றுநர்களை நியமிப்பதும் அவசியம். அதற்காக ஆண் ஆசிரியர்கள் மாதவிடாய் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடலாம் என்று பொருளாகாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் செய்தியாளர் ஒருவர் ஏதேனும் ஒரு பள்ளிக்கு உடற்கல்வி வேளையில் முன்னறிவிப்பின்றிச் சென்று, ஓடுபவர்களைப் படமெடுப்பதற்கு முன் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணி, ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதட்டும். பதக்கப் பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை அதற்கு ஒதுக்கினாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்