கிரீன் கார்டுக்கு வக்கீல் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாசகர் கடிதத்தில் ஓர் அன்பர், அமெரிக்காவில் கல்யாணத்தின் பேரில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் வக்கீல் இல்லாமல் ஒரு காகிதத்தைக்கூட அனுப்பக் கூடாது என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் சித்தி மகள் அன்று ராத்திரியே போன் போட்டு, "அக்கா, ஐயாயிரம் டாலர் கேட்கிறார்கள், கட்டிவிடவா?" என்றாள். அவள் அமெரிக்கக் குடிமகள், மாப்பிள்ளை மாணவர் விசாவில் முறையாக வந்து இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறார், இருவருக்கும் இது முதல் கல்யாணம். கட்டாதே என்றேன். அதே வாரம் அலுவலகத் தோழி ஒருத்தி தன் தம்பிக்காகக் கேட்டபோது, முதலில் நல்ல வக்கீலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். இரண்டு பேருக்கும் இரண்டு பதில் சொன்னதன் காரணத்தை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நானும் என் கணவரும் 2024-இல் நாங்களேதான் போட்டோம். எங்கள் கல்யாண உறவைக் காட்டும் ஐ-130 படிவம், கிரீன் கார்டு கேட்கும் ஐ-485, கணவரை நான் ஆதரிப்பேன் என்று என் வருமானத்தைக் காட்டும் ஐ-864, வேலை அனுமதி, பயண அனுமதி, டாக்டர் கொடுத்த மருத்துவப் படிவம் எல்லாம் ஒரே கட்டு. அரசுக்கு அப்போது கட்டியது மட்டும் மொத்தம் 3,005 டாலர். வக்கீல் வைத்திருந்தால் அவருடைய ஃபீஸ் இதற்கு மேல்.

மூன்று வாரத்தில் கட்டு அப்படியே திரும்பி வந்தது. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே பொடி எழுத்தில் ஒரு பதிப்புத் தேதி இருக்கும். ஒரு பக்கத்தில் எழுத்துப்பிழை விழுந்ததால், லேப்டாப்பில் எப்போதோ இறக்கி வைத்திருந்த பழைய ஃபைலிலிருந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் செருகிவிட்டேன். என் கைவேலைதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கணவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் கட்டணமும் கூடவே திரும்பிவிட்டது, திருத்தி மறுபடி அனுப்பினோம், நேர்காணலும் முடிந்தது, கார்டும் வந்தது. படிவத்தில் நடக்கிற தப்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான், நாள் போகும், எரிச்சல் வரும், சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாத சங்கதிகள் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் முழு வழக்கையும் ஒப்படைக்காவிட்டாலும் ஒரு மணி நேரம் காசு கொடுத்து வக்கீலிடம் உட்காருங்கள் என்கிறேன். நாங்கள் 250 டாலர் கொடுத்தோம். அந்த வக்கீல் அம்மா எங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறக்கவே இல்லை. கேட்டதெல்லாம் கணவரின் பழைய கதை. எந்த விசாவில், எந்த விமான நிலையத்தில் இறங்கினீர்கள், உள்ளே வந்ததற்கான ஐ-94 பதிவு இருக்கிறதா, எப்போதாவது ஜே-1 என்கிற பரிமாற்றத் திட்ட விசாவில் இருந்ததுண்டா (அதில் சிலருக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு), போலீஸ் எப்போதாவது பிடித்ததா. கடைசியாக, "டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டிருப்பார்களே, ஆமாம் என்று எங்கேயாவது கையெழுத்துப் போட்டீர்களா?" என்றார். கணவர் முழித்தார், ஞாபகம் இல்லை என்றார். வாக்காளர் பதிவு குடிமக்களுக்குத்தான். அதில் கையெழுத்துப் போட்டு, குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டதாக ஆகிவிட்டால், அமெரிக்கக் குடிமகளைக் கல்யாணம் செய்திருந்தாலும் கிரீன் கார்டு கதவு அநேகமாக நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளுமாம். அன்று சாயங்காலம் மாநிலத் தேர்தல் இணையதளத்தில் அவர் பெயரை, அப்பா பெயர் முன்னால், பின்னால், இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல் என்று நாலு விதமாக அடித்துத் தேடி, எதிலும் இல்லை என்று வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இந்தக் கேள்வி எங்களுக்கே தோன்றியிருக்குமா? சத்தியமாக இல்லை.

தோழியின் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குத் தங்க அனுமதித்த தேதி முடிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முறையாக உள்ளே வந்து, துணை அமெரிக்கக் குடிமகளாக இருந்தால், காலம் கடந்து தங்கியதைச் சட்டம் பொறுத்துக்கொண்டு உள்ளிருந்தே கார்டு வாங்க வழி விடும். துணையிடம் வெறும் கிரீன் கார்டுதான் இருக்கிறது என்றால் அந்தச் சலுகை கிடையாது. இவர் மனைவி இன்னும் குடிமகள் ஆகவில்லை. இது தெரியாமல், ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே வந்துவிடலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து வருடம். விமானம் ஏறியிருந்தால் பத்து வருடம் போயிருக்கும். அதோடு 2025 பிப்ரவரியில் வந்த உத்தரவுக்குப் பிறகு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு சட்டப்படி தங்கும் அனுமதியும் இல்லாமல் இருப்பவருக்குக் குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவார்கள். முன்பெல்லாம் போட்டுத்தான் பார்ப்போமே என்று நானே சிலரிடம் சொன்னதுண்டு, இப்போது சொல்வதில்லை. கைது, பழைய நாடுகடத்தல் உத்தரவு, அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தது, முன்பு வேறொரு கல்யாணத்தின் பேரில் போட்ட விண்ணப்பம், முந்தைய விவாகரத்தில் குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் ஐயாயிரம் அதிகமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வக்கீல் வைத்துவிட்டால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது தப்பு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி 4,000 டாலர் கொடுத்தார்கள், வக்கீலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, படிவம் பூராவும் நிரப்பியது அலுவலக உதவியாளர். நம் ஆட்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் விசாவில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று அவதாரம். படிவத்தில் "வேறு பெயர்கள்" என்று தனியாக ஒரு இடமே இருக்கிறது. அதை அந்த உதவியாளர் காலியாக விட்டுவிட்டார், இவர்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, நான்கு மாதம் இழுத்தது. பொய் சொன்னால் தண்டனை என்று எழுதியிருக்கும் வரிக்குக் கீழே இருப்பது நம் கையெழுத்து. நேர்காணலிலும் வக்கீல் பக்கத்தில் உட்காருவார், பதில் நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று. பெரும்பாலும் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல்தான். வீட்டில் எல்லாம் சுமுகமாக இருக்கும்வரை சரி. அடி உதை என்று வந்துவிட்டால், நீங்கள் தனியாகப் போய்ச் சொல்வதை அவர் மற்றவரிடம் மறைக்க முடியாத நிலை வரலாம். கணவன் "கையெழுத்தை வாபஸ் வாங்கிவிடுவேன்" என்று மிரட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ துன்புறுத்தினால், அவர் தயவு இல்லாமல், அவருக்குத் தெரியாமலே, பாதிக்கப்பட்டவர் தானே ஐ-360 என்ற விண்ணப்பம் போட வழி இருக்கிறது. ஆணுக்கும் பொருந்தும். அதற்குத் தனக்கென்று ஒரு வக்கீல் வேண்டும். காசு இல்லை என்றால் அமெரிக்க அரசின் நீதி அமைச்சக அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் தொண்டு அமைப்புகளில் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். ஸ்பான்சர் செய்பவரும் ஒன்று தெரிந்துகொள்ளட்டும், ஐ-864-இல் போட்ட கையெழுத்து விவாகரத்தோடு முடிந்துபோகாது. மற்றவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறக்குறைய பத்து வருட வேலைக் கணக்கு சேரும்வரை அது உங்களைத் தொடரும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இணைப்பில் "கிரீன் கார்டு உத்தரவாதம்" என்று வரும் விளம்பரங்களில் சிலர் தங்களை நோட்டரி என்று போட்டுக்கொள்கிறார்கள். இந்தியாவில் நோட்டரி என்றால் பெரும்பாலும் வக்கீலாகத்தான் இருப்பார், அந்தப் பழக்கத்தில் நம் மக்கள் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் நோட்டரி கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர், அவ்வளவுதான், சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. உண்மையான வக்கீலுக்கு ஏதாவது ஒரு மாநிலத்தில் பதிவு இருக்கும். எந்த மாநிலமாக இருந்தாலும் சரி, குடியேற்றம் மத்திய அரசுச் சட்டம் என்பதால் நாடு முழுக்க வழக்குப் பார்க்கலாம். அந்த மாநிலப் பதிவுத் தளத்தில் பெயரைத் தேடினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விளம்பரம் வாங்கும்போது அந்தப் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிச் சேர்த்துப் போடுங்கள், கொடுக்காதவர்களின் விளம்பரத்தைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி