ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரேடியோவா?

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். இங்கே பனி இன்னும் வாசற்படியை விட்டுப் போகவில்லை. முழங்கால் வலியோடு அப்பா மண்வெட்டியைத் தூக்கினார், நான் பிடுங்கி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து தள்ளிவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கேட்டதற்கு அப்போது பதில் சொல்லவில்லை. வீடு நிறைய ஆள் இருந்தது. 2025 அக்டோபரில் எங்கள் டெட்ராய்ட் டைகர்ஸ் உங்கள் சியாட்டிலில் ஆடிய அந்தக் கடைசி பேஸ்பால் ஆட்டத்தை ராத்திரி ஒரு மணி தாண்டியும் ரேடியோவில் கேட்டேன் என்றதும், "இந்த வயசுல தனியா உட்கார்ந்து இதெல்லாம் எதுக்கும்மா, எல்லா மேட்சும் டி.வி.யில வர்ற மாதிரி பணம் கட்டித் தர்றேன்" என்றாய். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் உன் குரலில் ஒரு பரிதாபம் இருந்தது பார், அது எனக்கு ஒப்பவில்லை ஐயா.

அன்றைக்கு எங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுகிற ஸ்கூபல், ஆறு இன்னிங்ஸில் 13 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அப்படியும் ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம் 15 இன்னிங்ஸ் வரை இழுத்து, 3-2 என்று உங்கள் ஊர்க்காரர்கள் ஜெயித்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் உன் மகனுடைய ஸ்வெட்டருக்கு ஒரு கை முழுக்கப் பின்னி முடித்தேன். இரண்டு தடவை காப்பி போட்டேன். ரேடியோ வர்ணனையாளர் டான் டிக்கர்சன் பேசிக்கொண்டே இருந்தார். இதில் தனிமை எங்கே வந்தது?

நான் இந்த ஊரில் வந்து இறங்கியது 1975 டிசம்பரில். அப்பா விடிவதற்கு முன்பே ஆலைக்குப் போய்விடுவார். அடுப்படி ஜன்னலில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. அடுத்த வசந்தத்தில் ஒருநாள் அதைத் திருப்பினால், நிதானமான தென்மாநிலத்துக் குரல் ஒன்று வேதத்திலிருந்து உன்னதப்பாட்டு வாசிக்கிறது. "இதோ, மாரிகாலம் சென்றது, மழைபெய்து ஒழிந்தது" என்று நாம் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பண்ணுகிற அதே வசனம். காட்டுப்புறாவின் சத்தம் நமது தேசத்தில் கேட்கப்படுகிறது என்பது வரைக்கும் வாசித்தார். ஏதோ ஜெப நிகழ்ச்சி என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றால், அப்படியே பந்து, பிட்சர் என்று ஆரம்பித்துவிட்டார். அவர்தான் டைகர்ஸின் வர்ணனையாளர் எர்னி ஹார்வெல். வருஷா வருஷம் ஃப்ளோரிடாவில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும்போது முதல் ஒலிபரப்பில் அந்த வசனத்தைத்தான் சொல்வார். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடிவிட்டு வந்தவளுக்கு, டெட்ராய்ட்டில் முதலில் தெரிந்த ஆள் அவர் என்று வைத்துக்கொள்.

அந்தக் கோடையில் டைகர்ஸுக்குப் பந்து வீச மார்க் ஃபிட்ரிச் வந்தான். 21 வயசுப் பையன், சுருட்டை முடி, எல்லாரும் பறவை என்றுதான் கூப்பிட்டார்கள். பந்தோடு பேசுவான். பிட்சர் நிற்கிற மேட்டில் முழங்காலிட்டுக் கையாலேயே மண்ணைத் தட்டிச் சமன் செய்வான். யாராவது அடித்துவிட்ட பந்தை நடுவரிடம் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவான். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை, ஹார்வெல் சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னால் அந்த மண் நம் நகத்தில் ஒட்டும். ஜூன் 28 அன்று யாங்கீஸை 5-1 என்று அடித்தபோது ஆட்டம் இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. ஆனால் ஜனம் கலைய மாட்டேன் என்று நின்று அவனைத் திரும்ப வெளியே கூப்பிட்டது. அந்த இரைச்சலை டிரான்சிஸ்டரில் கேட்டுத்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன். அந்த வருஷம் 19 ஆட்டம் ஜெயித்தான். மறுவருஷம் முழங்கால், அப்புறம் தோள். மொத்தமே 29 வெற்றிதான் அவன் கணக்கில். அவனைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

ஃபவுல் பால், அதாவது கோட்டுக்கு வெளியே அடிபட்ட பந்து, கூட்டத்துக்குள் போனால் "இப்சிலாண்டிக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார்" என்பார் ஹார்வெல். அடுத்தது லான்சிங்காரர், அதற்கடுத்தது சாகினாக்காரர், எல்லாம் எங்கள் மிச்சிகன் ஊர்கள். இத்தனை பேரையும் இவருக்கு எப்படித் தெரியும் என்று நீயும் அக்காவும் என்னைத் துளைத்து எடுப்பீர்கள். அவர் சும்மா இட்டுக்கட்டிச் சொல்கிறார் என்ற உண்மையை நான் சொன்னதே இல்லை.

அவர் பெரிய லீக்குக்கு வந்த விதமே ஒரு கதை. 1948-இல் புரூக்ளின் அணிக்கு அவசரமாக ஒரு வர்ணனையாளர் தேவைப்பட்டபோது, அட்லாண்டாக்காரர்கள் இவரை விட்டுக்கொடுக்கப் பதிலுக்கு ஒரு கேட்சரைக் கேட்டு வாங்கினார்களாம். பேசுகிற ஆளுக்கு ஆடுகிற ஆளை மாற்றிக்கொண்டார்கள்! சரியான விலை என்றுதான் நான் சொல்வேன்.

பாட்டு வந்தது வேறு வழியில். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை பார்த்த அம்மாவை உனக்கு நினைவிருக்கும், உனக்குக் கரும்பழுப்பு நிறத்தில் கேக் செய்து அனுப்புவார்களே, அவர்கள். ரத்தக் குப்பிகளுக்கு நடுவே அவர்கள் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விண்ட்சரிலிருந்து வந்த சி.கே.எல்.டபிள்யூ நிலையம், 50,000 வாட். நான் வந்தபோது, அதில் ஓடிய பாட்டுகளைப் போட்ட மோட்டவுன் என்கிற டெட்ராய்ட் இசைத்தட்டுக் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆக எனக்கு அந்தப் பாட்டுகள் முதல் நாளிலிருந்தே பழைய பாட்டுதான். வெஸ்ட் கிராண்ட் புலவாரில் அந்தக் கம்பெனி இருந்த வீட்டைக் காட்ட ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். சாதாரண வீடு. 1959-இல் பெர்ரி கோர்டி வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி, அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு உலகத்தையே ஆட வைத்திருக்கிறது. கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துத்தான் பாட்டை வெளியே விடுவார்களாம். கார் கட்டுகிற ஊரில் வேறு எப்படிச் செய்வார்கள்?

மற்றவர்கள் டெம்ப்டேஷன்ஸ் என்ற மோட்டவுன் பாட்டுக் குழுவின் குரலைக் கேட்பார்கள். எனக்கு அடியில் ஓடுகிற பேஸ் கித்தார்தான். ஆல்ட்டோ பாடின காது அப்படி. ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர், வலது கையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். பாட்டின் மேலே யார் இருந்தாலும் கீழே நடத்திக்கொண்டு போவது அவர்தான். அந்தக் காலத்து இசைத்தட்டு உறையில் அவர் பெயரை அனேகமாகப் போடவே மாட்டார்கள். இது பெரிய அநியாயம், எழுதி வைத்துக்கொள்.

பந்தும் பாட்டும் எனக்கு ஒன்றாகிப்போனது அந்த அம்மாவால்தான். இந்தக் கதையை அவர்கள்தான் சொன்னார்கள். 1968 உலகத் தொடரில், அதாவது பேஸ்பாலின் இறுதித் தொடரில், தேசிய கீதம் பாட ஆள் பிடிக்கிற பொறுப்பு ஹார்வெலிடம் இருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு மோட்டவுன் பாடகர் மார்வின் கேயைக் கூப்பிட்டார். ஐந்தாவதுக்கு ஹோசே ஃபெலிசியானோ, பார்வையில்லாத போர்ட்டோரிகோ இளைஞன். கித்தாரோடு, தன் போக்கில் மெதுவாக, உருகிப் பாடினான். கீதத்தைக் கெடுத்துவிட்டான் என்று நாடு முழுக்கக் கூச்சல், கூப்பிட்ட ஹார்வெலுக்கும் வசவு. அவர் கடைசி வரை அவனை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். டைகர்ஸ் அந்த ஆட்டத்தையும் ஜெயித்து, தொடரையும் ஜெயித்தது.

1984 பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். முதல் 40 ஆட்டத்தில் 35 வெற்றி என்று ஸ்கூல் நோட்டெல்லாம் கிறுக்கி வைத்தவன் நீ.

டி.வி. ஏன் வேண்டாம் என்று கேட்டாயே. டி.வி. முன்னால் உட்கார வேண்டும், ரேடியோ நம் பின்னாலேயே வரும். பந்துக்கும் பந்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் வர்ணனையாளர் பழைய கதை சொல்வார், நான் ரசத்துக்குத் தாளிப்பேன். 2023-லிருந்து அதற்கும் கடிகாரம் வைத்துவிட்டார்கள். அடித்துவிட்டு ஓடி வந்து ஆடுகளத்தின் மூலையில் (பேஸ் என்பார்கள்) நிற்கிற ஆள் யாரும் இல்லையென்றால் 15 வினாடிக்குள் பந்தை வீச வேண்டுமாம். ஆட்டம் சீக்கிரம் முடிகிறது என்று அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்குக் கதை குறைகிறது. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். 2003-இல் 119 தோற்றார்கள், அதையும் விடாமல் கேட்டேன். தோற்கிற அணிக்கு வர்ணனை சொல்கிறவர்கள்தான் நல்ல கதை சொல்வார்கள்.

பழைய பாட்டு நிலையம்தான் கைவிட்டுவிட்டது. இப்போது நீ ஹைஸ்கூலில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட பாட்டெல்லாம் பழைய பாட்டு என்று போடுகிறார்கள். உனக்கு வயசாகிறது தம்பி.

ஹார்வெல் 2010 மே மாதம் இறந்தபோது உடலை மைதானத்திலேயே வைத்தார்கள், அவருடைய சிலைக்குப் பக்கத்தில். ராத்திரி முழுக்கக் கதவு திறந்திருந்தது. ஆயிரக்கணக்கில் ஜனம். எனக்கு ஷிஃப்ட் முடிந்து போகும்போது நடுராத்திரி ஆகிவிட்டது. அப்பாதான் காரோட்டினார். இன்றைக்கும் கிரிக்கெட்டைத் தவிர எதையும் ஆட்டம் என்று ஒத்துக்கொள்ளாத மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் என் கூடவே நின்றார். முன்னால் ஒரு கிழவர், வேலை உடுப்போடு, உன்னதப்பாட்டு வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் தமிழில் சொன்னேன்.

ஆகையால் டி.வி.க்குப் பணம் கட்டாதே. அந்தப் பணத்தில் ஜூலையில் பேரனை இரண்டு வாரம் இங்கே அனுப்பு, அரங்கத்துக்குக் கூட்டிப்போவேன். காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டுதான் நான் அங்கேயும் உட்காருவேன், அவன் வெட்கப்படக் கூடாது. ஸ்கோர் எழுதும் சீட்டை நிரப்பச் சொல்லித் தருகிறேன்.

இன்னொன்று. ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் நேரம் சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒன்பதரை வரை எனக்குப் போன் அடிக்காதே. நீ வேலை முடிந்து கிளம்புகிற நேரம் அதுதான், தெரியும். காலையில் அடி. அவசரமென்றால் அப்பா போனுக்கு அடி. ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் தூங்கியிருப்பார், இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அடி.

அன்புடன்,
அம்மா