இரவில் விழுங்கும் நீர் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இயற்கையான தூக்கத்துக்கு வழி சொல்லி ஒரு முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். உள்ளங்காலில் நல்லெண்ணெய், கசகசா, ஜாதிக்காய்ப் பால் எல்லாம் இருந்தன. எண்ணெயைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஜாதிக்காய்க்கு மட்டும் அளவு போடாமல் விட்டுவிட்டீர்கள். சிட்டிகை அளவோடு நிறுத்தாமல், சீக்கிரம் தூக்கம் வரட்டும் என்று முழுக் காயை அரைத்துக் குடித்தால் வாந்தி, படபடப்பு, பிதற்றல் வரை கொண்டுபோய் விடும். இயற்கையில் விளைந்தது என்பதற்காக அளவு தேவையில்லை என்று ஆகிவிடாது.

அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மைத்துனர் மகனின் மருந்துக்கடையில் மாலை நேரங்களில் உட்காருகிறேன். எட்டரை மணிக்கு மேல் சீட்டு எதுவும் இல்லாமல் வந்து "தூக்க மாத்திரை இரண்டு கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. பஸ் நிலைய வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவரும் அப்படித்தான் வந்தார். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டச் சொன்னேன். சுருக்குப்பையிலிருந்து பூவாசனையோடு கசங்கிய காகித உறைகள் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று ஃபுரோசமைடு. கால் வீக்கத்துக்காகக் கொடுத்த, சிறுநீரை அதிகமாகப் போகச் செய்யும் நீர் மாத்திரை. உறையின் மேல் "காலை" என்று பேனாவால் தெளிவாகவே எழுதியிருந்தது.

"இதை எப்போது போடுகிறீர்கள், அம்மா?"

"ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான், ஐயா. காலையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்தால் நான் எங்கே போவது?"

அந்த மாத்திரை உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். ஆறு மணி நேரம் வரை விடாது. படுத்த பிறகு நாலு முறை எழுந்து கொல்லைப்புறம் போய்வருகிறவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? இதற்கு மேல் தூக்க மாத்திரையையும் போட்டுக்கொண்டு அரைமயக்கத்தில் எழுந்தால், இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள வேண்டியதுதான். மாத்திரை நேரத்தை அவராகவே மாற்றிக்கொண்ட விஷயம் மருத்துவருக்குத் தெரியாது. மறுநாள் போய்க் கேட்கச் சொன்னேன். காலை வியாபாரத்தை முடித்து வீடு திரும்பும் பதினொரு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். இப்போது இரவில் ஒரு முறைதான் எழுகிறாராம்.

அதனால்தான் தூக்கம் இல்லை என்று யார் வந்தாலும், இரவில் என்ன குடிக்கலாம் என்று சொல்வதற்கு முன்னால், பகலில் எதெது எத்தனை மணிக்கு உள்ளே போகிறது என்று கேட்கிறேன். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் போட்டாலும் தூக்கம் கெடும். காபி விஷயத்தில் எங்கள் தஞ்சைப் பக்கத்தில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன்: மாலை ஆறு மணிக்குக் குடித்த டிகிரி காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும் அடினோசினை அது வேலை செய்யவிடாமல் தடுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் தூங்குவதும் இரவுத் தூக்கத்திலிருந்து எடுத்த கடன்தான்.

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தில் அதைக் காணவில்லை. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் வகுத்துச் சொன்னது. தூக்கம் கண்ணைக் கட்டினால் ஒழியப் படுக்காதீர்கள். இருபது நிமிடம் போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கண் சொக்கினால் திரும்பிப் போங்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். இதோடு நான் சேர்த்துச் சொல்வது: எழுந்ததும் வாசலிலோ மொட்டை மாடியிலோ வெளிச்சம் முகத்தில் படட்டும். இவ்வளவுதான். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த முறையும் அடங்கிய நடத்தைச் சிகிச்சையைத்தான் பரிந்துரைத்தது. பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தூக்கத்துக்காகப் பலர் கேட்கும் அல்பிரசோலம் மாத்திரை, 2014 முதல் மருந்து விற்பனை விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். நெடுநாளாக அதைச் சாப்பிட்டுவருகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பூக்கார அம்மாவுக்காவது பதினொரு மணிக்கு வீடு திரும்ப முடிகிறது. காலை முதல் மாலை வரை தெருவில் நிற்கும் காய்கறிக்காரிகளும் துப்புரவுப் பணியாளர்களும் என்ன செய்வார்கள்? பஸ் நிலையத்துப் பெண்கள் கழிப்பறை பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. திறந்திருக்கும் நாளில் தண்ணீர் வருவதில்லை. அடுத்து தூக்கத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் ஒருவரை அங்கேயும் அனுப்பிவையுங்கள். அதிகாலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை அது கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழே கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.