லீவர் காபி மெஷின் வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதியிருந்தால் "வேண்டாம், வாங்காதே" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அன்றைக்கு என் மெஷின் சமையலறை மேடையில், விரித்த பழைய துணிமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. கையெல்லாம் கிரீஸ், ஒரு சின்ன சர்க்ளிப் (பாகம் நழுவாமல் பிடிக்கும் வளையம்) கையிலிருந்து தெறித்து எங்கேயோ போய்விட, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யார் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். (சர்க்ளிப் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. என் செருப்புக்குள்.)

மகன் வேலை கிடைத்துக் கிளம்பிப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று எழுதியிருந்தாய். சரி, அதற்கு லீவர் மெஷின் மோசமான மருந்து இல்லை. ஆனால் தெரிந்தவர் வீட்டுப் பரணில் பத்துப் பதினைந்து வருடமாகத் தூங்கும் மெஷினை "சும்மா எடுத்துக்கொண்டு போ" என்று அவர் கொடுத்தால், அது சும்மா கிடைத்ததாக ஆகாதுடா. பரணில் கிடந்த மெஷின் என்ன ஆகும் என்பதை இந்த வருடம் என் மெஷினிலேயே பார்த்துவிட்டேன்.

என் தோள்பட்டை இறுகிப் போன கதை உனக்குத் தெரியும். அந்தத் தோளை வைத்துக்கொண்டு எப்படிக் கைப்பிடியை இழுக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, ஐந்து மாதம் இழுக்கவே இல்லை என்பதுதான் பதில்.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஸ்பிரிங் வைத்தது ஒன்று: கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி பிஸ்டன் மேலே போகும், தண்ணீர் இறங்கும், பிறகு கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே தண்ணீரைத் தூள் வழியாகத் தள்ளிவிடும், தொடக்கத்தில் பலமாக, போகப்போக மெதுவாக. என்னுடையது மற்ற ரகம், ஸ்பிரிங் கிடையாது. கைப்பிடியை மேலே தூக்கினால் பிஸ்டன் ஏறி வழி திறக்கும், பாய்லரின் அழுத்தத்தில் தண்ணீர் வந்து தூளை நனைக்கும், ஐந்தாறு நொடி பொறுத்து நாமேதான் கீழே அழுத்த வேண்டும். நல்ல எஸ்பிரஸ்ஸோவுக்கு 9 பார் அழுத்தம் (ஒரு பார் என்றால் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று சொல்வார்களே, 49 மில்லிமீட்டர் அகலக் கூடையில் இருக்கும் தூள்மேல் அது எவ்வளவு சுமை என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 170 கிலோவுக்கு மேல் வருகிறது. லீவர் அதைக் கைக்கு எட்டும் அளவுக்குக் குறைத்துத் தருகிறது, அவ்வளவுதான். நோகும் தோளுக்கு அந்த "அவ்வளவுதான்" ரொம்ப ஜாஸ்தி.

ஒரு சின்ன வரலாறு சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். லீவருக்கு முன்னால் இருந்த மெஷின்கள் பாய்லர் ஆவியின் அழுத்தத்தை நம்பித்தான் காபி இறக்கின, ஒன்றரை பார் அளவில். மிலானில் அகில்லே காஜ்ஜியா என்பவர் 1938இல் ஆவியை நம்பாத ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டார், போர் முடிந்து 1940களின் கடைசியில் அவருடைய ஸ்பிரிங் லீவர் மெஷின்கள் கடைகளுக்கு வந்தன. கோப்பையில் மேலே மிதக்கும் அந்தப் பொன்னிற நுரை, கிரீமா என்கிறோமே, அது அந்த அழுத்தத்தில் பிறந்ததுதான். எனக்கு வேடிக்கையாகத் தெரிவது 1961. மோட்டார் பம்ப் வைத்த ஃபேமா ஈ61 அந்த வருடம்தான் வந்தது, கடைக்காரர்கள் லீவரை விட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதே வருடம்தான் லா பவோனி என்ற கம்பெனி வீட்டுக்கென்று யூரோப்பிக்கோலா என்ற குட்டி லீவர் மெஷினைக் கொண்டு வந்தது. தினமும் நூற்றுக்கணக்கில் இழுத்தவர்கள் தோளைக் காப்பாற்றிக்கொள்ள, தினமும் இரண்டு இழுக்கும் நம்மைப் போன்றவர்கள் பிடித்துக்கொண்டோம்.

ஐந்து மாதம் கழித்து, பிசியோதெரபிஸ்ட் அனுமதி கொடுத்த மறுநாள் காலை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். அழுத்தம் ஏறியதும், பிஸ்டன் ஓடும் உலோக உருளையான குரூப் ஹெட்டுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது, மேலே பிஸ்டன் தண்டைச் சுற்றியும் ஈரம். அப்போதே புரிந்துவிட்டது. பிஸ்டனில் இருக்கும் ரப்பர் சீல்கள் ஓடிக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் வரும், சும்மா உட்கார்ந்தால் காய்ந்து விறைத்துவிடும். பிசியோதெரபிஸ்ட்டிடம் சொன்னேன், அவர் சிரிக்கவே இல்லை, "அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்" என்றார்.

சீல் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. குரூப்பைப் பாய்லரோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, கைப்பிடியின் பின்களை எடுத்து, பிஸ்டனை வெளியே இழுத்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பழைய சீலை மரக் குச்சியால் நெம்பி எடு, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், உலோகத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகக் கசியும். புது சீலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டால் இளகி எளிதாக ஏறும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், முன்பே மூன்று முறை செய்தவன். அந்தத் திமிரில்தான் நான்காவது முறை கீழ் சீலைத் தலைகீழாகப் போட்டேன். இரண்டு சீலுக்கும் ஒரு பக்கம் உதடு மாதிரி விரிந்திருக்கும், மேல் சீலின் உதடு மேலே பார்க்க வேண்டும், கீழ் சீலின் உதடு கீழே பார்க்க வேண்டும், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் முதுகோடு முதுகு உட்கார்ந்த மாதிரி. அழுத்தம் உதட்டுக்குள் புகுந்து அதை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும், அதுதான் அடைப்பு. திருப்பிப் போட்டால் அழுத்தம் உதட்டை மடக்கிவிட்டுத் தன் வழியில் போய்விடும். எல்லாம் மாட்டி முடித்து, சூடாக்கி, தூள் போட்டு அழுத்துகிறேன், கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் அப்படியே இறங்குகிறது, கோப்பையில் நாலு சொட்டு. ஆறவைத்து, மறுபடி எல்லாவற்றையும் கழற்றி... சர்க்ளிப் தெறித்தது அந்த இரண்டாவது கழற்றலில்தான்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதே, உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். வாசலின் போன்ற பெட்ரோலியச் சரக்கு சீல் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தடவுவதும் மெல்லிசாக, விரலில் பளபளப்புத் தெரிந்தால் போதும், அதிகம் போட்டால் காபியில் மிதக்கும். கைப்பிடியின் பின்களுக்கும் ஒரு துளி. பலர் அதை மறந்துவிடுகிறார்கள், பின் தேய்ந்து கைப்பிடி லொடலொட என்று ஆடும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த மெஷினில் கஷ்டம் இழுப்பதிலும் இல்லை, கழற்றி மாட்டுவதிலும் இல்லை. சூட்டில்தான் இருக்கிறது. பாய்லரில் 0.8 பார் அழுத்தம் என்றால் உள்ளே தண்ணீர் 117 டிகிரியில் இருக்கிறது. காபிக்கு வேண்டியது தொண்ணூறுகளில். அந்த வித்தியாசத்தை உறிஞ்ச வேண்டியது குரூப் ஹெட்டின் உலோகம். அது சில்லென்று இருந்தால் காபி புளிக்கும், சூடேறிவிட்டால் கருகிய கசப்பு. என்னுடையதில் முதல் கோப்பை சுமார், இரண்டாவது பிரமாதம், மூன்றாவது பரவாயில்லை, நான்காவதை விருந்தாளிக்குக் கொடுத்தால் அவர் மறுபடி வரமாட்டார். ஈரத் துணியைக் குரூப்மேல் சுற்றிச் சூட்டை இறக்கலாம், தூள் கூடையைத் தாங்கும் போர்ட்டாஃபில்டரைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து மாட்டலாம், நான் இரண்டும் செய்கிறேன். ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை ஒன்றைக் குரூப்பில் ஒட்டி வைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது, எண்பதைத் தாண்டினால் துணி, அவ்வளவே. அதற்கு முந்தைய இரண்டு வருடம் தூளையும் கிரைண்டரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் மாதத்து ஏமாற்றம் இன்னொன்று. குளிர்ந்த மெஷினைப் போட்டால் பாய்லருக்குள் காற்று அடைபட்டிருக்கும், அதுவும் சேர்ந்து சூடாகி அழுத்தம் காட்டும் முள்ளை மேலே தள்ளும். முள் 0.8 காட்டும், அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர்ஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிடும், ஆனால் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வந்தே இருக்காது. ஸ்டீம் குழாயைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட வேண்டும், புஸ்ஸென்று போய்ச் சுத்தமான ஆவி வந்ததும் மூடினால் முள் சட்டென்று விழும், மறுபடி ஏறும், அதுதான் நிஜமான சூடு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முப்பது நாள் புளித்த காபி குடித்தேன்.

பயமுறுத்துவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள், பயப்படு. அழுத்தம் இருக்கும்போது பாய்லர் மூடியைத் திருகவே திருகாதே, ஸ்விட்சை அணை, ஆவியை விடு, முள் சுழியத்துக்கு வந்த பிறகு திற. கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் தெரியும், அது கீழ்க்கோட்டைத் தொடுவதற்கு முன்பே அணைத்துவிடு, காய்ந்த பாய்லரில் ஹீட்டர் எரிந்துபோக அதிக நேரம் ஆகாது. அப்புறம் அழுத்தி முடித்த கையோடு போர்ட்டாஃபில்டரைக் கழற்றாதே. உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கும், தும்மல் மாதிரி ஈரத் தூள் முழுவதும் முகத்தில் வரும். என் சமையலறைக் கூரையில் ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது, வீட்டுக்காரி அதை வெள்ளையடிக்க விடவில்லை, சாட்சியாம். நீ பார்த்தது ஸ்பிரிங் ரகமாக இருந்தால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்: தூள் இல்லாமலோ, ரொம்பக் கொரகொரவென்ற தூளோடோ இழுத்துவிட்டுக் கையை விட்டால் தடுக்க ஒன்றும் இல்லாமல் கைப்பிடி விசையோடு மேலே பாயும். முகவாய் அந்த வழியில் இருக்கக் கூடாது.

கிரைண்டரைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது. மெஷின் சும்மா கிடைத்தால் மிச்சமாகும் பணத்தை அப்படியே கிரைண்டரில் போடு. ஒரு துளி நைசாகப் போனால் கைப்பிடி அசையாது, ஒரு துளி பருமனாகப் போனால் தண்ணீர் ஓடிவிடும், அந்தத் துளி வித்தியாசத்தைத் திருகிக் கொண்டுவர முடியாத கிரைண்டர் உன்னைப் பைத்தியமாக்கிவிடும்.

தண்ணீரில் உப்பு குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சுண்ணாம்பு படியாது, படிந்தால் சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 20 கிராம் போல, வெதுவெதுப்பாக அரை மணி நேரம், பிறகு மூன்று முறை அலசல். ராத்திரி முழுக்க ஊறவைக்காதே, குரோம் பூச்சில் சிந்தினால் உடனே துடை. பரண் மெஷினுக்கு இதைச் செய்யும்போது ஒன்றுக்குத் தயாராக இரு: பழைய படிவே சில இடங்களில் கசிவை அடைத்துக்கொண்டிருக்கும், சுத்தமானதும் புதுப் புது இடத்தில் சொட்டும். நீ கெடுத்துவிட்டதாக நினைத்து வருத்தப்படாதே.

இவ்வளவும் படித்துவிட்டு "காபி அவ்வளவு நன்றாக இருக்குமா" என்று கேட்பாய். இரண்டாவது கோப்பை இருக்கும். ஆனால் அந்த அளவு காபி பம்ப் மெஷினிலும் வரும், தினமும் ஒரே மாதிரி, நீ வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது. நான் இதை வைத்திருப்பது வேறு காரணத்துக்கு. இதற்குள் எனக்குத் தெரியாத பொருள் ஒன்றும் இல்லை. சர்க்யூட் போர்டு கிடையாது, பிழைச் செய்தி கிடையாது, ஏதாவது கெட்டால் சொட்டும், அல்லது கைப்பிடி தொளதொளக்கும், அல்லது சத்தம் மாறும், எந்த ரப்பர், எந்தத் திருகு என்று நானே போய்ச் சேர்ந்துவிடுகிறேன். அப்படிப்பட்ட சாமான் வீட்டில் வேறு எது இருக்கிறது, சொல் பார்ப்போம். திறந்து பார்க்கும் ஆசை உனக்கு இல்லையென்றால் அந்தப் பரணிலேயே இருக்கட்டும். கல்லூரி நாளில் என் கைக்கடிகாரத்தைத் திறந்து மூடத் தெரியாமல் என்னிடம் கொடுத்தவன் நீ, அதனால் ஆசைக்குக் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். மூடுவதுதான் பிரச்சினை.

போய்ப் பார்க்கும்போது அவசரப்பட்டு ஸ்விட்சைப் போட்டுவிடாதே. முதலில் அடித்தட்டிலுள்ள முத்திரையில் எத்தனை வோல்ட் என்று பார், 110 வோல்ட் மெஷினும் இப்படிக் கைமாறி வருவதுண்டு. மின்சார வயரின் உறை விரிந்திருந்தால், எர்த் இணைப்பு இல்லாவிட்டால், தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை தொடாதே. சேஃப்டி வால்வு இறுகிப் போயிருக்கிறதா, அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கிறதா, கண்ணாடிக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார். மிகப் பழைய மாடல்களில் பிரஷர்ஸ்டாட்டே கிடையாது, ஸ்விட்சில் இரண்டு நிலை மட்டும் இருக்கும், அதில் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கூடையின் உள்விட்டத்தையும் அளந்து எழுது. ஒரே பெயரில் வந்த மெஷினிலேயே பழைய குரூப்புக்கு ஒரு சீல், புதியதற்கு வேறு சீல். அளவு என்னுடையதோடு ஒத்துப்போனால் கூடுதலாக வாங்கி வைத்த ஒரு செட்டையும் பாதி கிரீஸ் டியூபையும் அனுப்புகிறேன். கீழ் சீலில் எந்தப் பக்கம் கீழே என்று பேனாவால் அம்புக்குறி போட்டே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: தோள் இப்போது முக்கால்வாசி தேவலை. இடது கையால் இழுத்துப் பழகிவிட்டதால் கோப்பையை வலது பக்கம் வைக்கிறேன், அதில் மட்டும் இன்னும் தடுமாற்றம், போன வாரம் ஒன்று உடைந்தது.