செயலாளரின் ஆண்டறிக்கை: கல்லூரி இதழில் நம் ஊர்க் கடைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் முறையாக நடந்தன. ஐப்பசி மழையால் ஒன்று மட்டும் கார்த்திகைக்குத் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை ஒரே வேலை எடுத்துக்கொண்டது; அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாகர்கோவில் வடசேரியில் மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டு மச்சில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவருடைய தாத்தா மாணவராக இருந்த காலத்துக் கல்லூரி இதழ்கள் அதில் கிடைத்தன. எதுவும் பைண்டு செய்யப்படவில்லை; நமக்கு அதுவே பெரிய வாய்ப்பு. பழைய இதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிட்டு, கட்டுரைகளை மட்டும் சேர்த்துத் தைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. முதல்வரின் உரையை வேறு எங்காவது தேடிப் பிடித்துவிடலாம். கோட்டாற்றுக் கடைக்காரர் கொடுத்த நான்கு வரி விளம்பரம் அந்தத் தாளோடு போனால் போனதுதான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஜவுளி, தையல், கடிகாரப் பழுது, மருந்து, நோட்டுப் புத்தகம் என்று விடுதி மாணவனுக்குத் தேவையான கடைகளே பக்கங்களை நிறைத்திருக்கின்றன. முகவரியில் கதவிலக்கம் இல்லை. 'மணிமேடைக்கு மேற்கே' என்றால் போதுமானதாக இருந்திருக்கிறது. 1893-இல் திறக்கப்பட்ட மணிமேடை என்ற மணிக்கூண்டு அதற்குள் ஊருக்கே வழிகாட்டியாகிவிட்டது. ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று, புதுச் சரக்கு வந்து இறங்கியிருப்பதாக அறிவிக்கிறது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல்தான். திருநெல்வேலி ரயிலடியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் வந்த துணியாக இருக்கலாம் என்பது என் கருத்து.

படியெடுக்க வந்த கல்லூரி மாணவி ஒருவர், நோட்டுப் புத்தக விளம்பரத்தில் விரலை வைத்து, "ஐயா, புத்தகக் கடையில் சக்கரம் எதற்கு?" என்று கேட்டார். அது திருவிதாங்கூர் நாணயம் என்று பெட்டிக்கு உரிய பெரியவர் விளக்கினார். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடுதல். அதே வரியிலிருந்த 'விலை' என்ற சொல்லும் மாணவிக்குப் பிடிபடவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போல் வளைந்த 'லை' அது. பெரியவர் கரும்பலகையில் ணை, லை, ளை, னை நான்கையும் பழைய முறையில் எழுதிக் காட்டினார். அன்று மாலை முழுவதும் அந்த மாணவிதான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட காலம் அது. கடைக்காரர்கள் கொடுத்த விளம்பரப் பணம் மாணவர் இதழின் அச்சுச் செலவுக்குக் கைகொடுத்திருக்கிறது. அந்தக் கடைகளுக்கும் இதழின் வரலாற்றில் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். துருப்பிடித்த கம்பிகளை எடுத்துவிட்டு, நூல் கட்டி, பெட்டியை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். முன்பு யாரோ செலோ டேப் ஒட்டிய இரண்டு தாள்கள் பழுப்பேறி, எழுத்து மறைந்துபோயின. வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து டேப் ஒட்ட வேண்டாம். கிழிந்த நிலையிலேயே கொண்டுவாருங்கள்.

தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பகுதி உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பரண்களையும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். படிகளை வைக்க ஓர் இரும்பு அலமாரி வாங்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்